பரிமாற எத்தனை பேர்?

செங்கல்பட்டிலிருந்து கிளம்பிய மின்சார ரயிலில் அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கல்யாண சமையல் மாஸ்டர். தை முகூர்த்தங்கள் முடிந்து கையில் கொஞ்சம் பணம் தங்கியிருந்தது. அதில் இருபதாயிரத்தை ஒரு கவரில் போட்டுச் சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்திருந்தார். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகனுக்கு அனிமேஷன் கற்றுக்கொள்ள ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அதற்காகத்தான் ரிச்சி தெருவுக்கு இந்தப் பயணம்.

தாம்பரம் தாண்டும் வரை மகன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அப்பா, ஒரு விஷயம் சொல்லணும். போன வருஷமே ஒரு கார்டு வாங்கினேன். ஏமாந்துட்டேன்."

லீவு நாட்களில் அப்பாவோடு கல்யாண மண்டபங்களுக்குப் போய்ப் பந்தி பரிமாறிச் சேர்த்த பணம் அது. வாங்கியது ஜிடி 1030 என்ற கார்டு. வீடியோவில் பார்த்ததும் அதே பெயர், ஆன்லைனில் வாங்கியதும் அதே பெயர். இரண்டும் 2 ஜிபி. ஆனால், வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டியபோது வீடியோவில் ஓடிய வேகம் வரவில்லை. தேடிப் பார்த்த பிறகுதான் அந்தப் பெயரில் இரண்டு வகை இருப்பது தெரிந்தது. ஒன்றில் ஜிடிடிஆர் 5 மெமரி. 2018-ல் வந்த இன்னொன்றில் டிடிஆர் 4. முதலாவது நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டாவது 16.8 ஜிபிதான். இவனிடம் வந்து சேர்ந்தது இரண்டாவது.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"நீங்க ராத்திரி பூரா அடுப்புக்கு முன்னாடி நிக்கிறீங்க. அந்தக் காசைத் தொலைச்சுட்டேன்னு சொல்ல வாய் வரலப்பா."

அப்பா திட்டவில்லை. கொஞ்ச நேரம் உள்பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தபடி இருந்தார். "சரி, அந்த 48-ம் 16-ம் என்ன கணக்கு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. இந்தத் தடவை நானும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் காசு கொடுப்பேன்."

மகன் யோசித்தான். அப்பாவுக்குப் புரிய வேண்டுமென்றால் பந்திதான் வழி.

"கார்டுல இருக்கிற சிப்புதான் பந்தியில உட்கார்ந்திருக்கிற கூட்டம். பக்கத்துல இருக்கிற மெமரி சமையல்கட்டுல இருக்கிற அண்டா. டப்பாவுல 4 ஜிபி, 8 ஜிபின்னு பெருசா போடுறாங்களே, அது அண்டாவோட அளவு."

"அண்டா பெருசா இருந்து என்ன? பரிமாற ஆள் இல்லாட்டி இலை காலியாத்தான் கிடக்கும்."

"அதேதான்பா! அந்த ஆளுங்க எண்ணிக்கைதான் பஸ் விட்த். 64 பிட்னா ஒரே நேரத்துல 64 பேர் பரிமாறுறாங்க. 128 பிட்னா 128 பேர்."

"ஆள் மட்டும் போதாதுடா. நடையும் வேணும். அசமந்தமா நடக்கிறவன் பத்துப் பேர் இருந்தும் பிரயோஜனமில்லை."

அந்த நடைதான் மெமரியின் வேகம். ஆட்களின் எண்ணிக்கையையும் நடையையும் பெருக்கி, எட்டால் வகுக்க வேண்டும். எட்டு பிட் சேர்ந்தால்தானே ஒரு பைட். ஜிடி 1030-ன் இரண்டு வகையிலும் 64 பேர்தான். ஜிடிடிஆர் 5-ன் வேகம் 6. 64-ஐ 6-ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் 48. டிடிஆர் 4-ன் வேகம் 2.1. அதே கணக்கில் 16.8. ஆட்கள் ஒன்றுதான், நடையில் ஏமாந்துவிட்டான்.

ரிச்சி தெருவில் முதல் கடையில் ஒரு பழைய மாடலை எடுத்து வைத்தார்கள். "4 ஜிபி சார். விலை ரொம்பக் கம்மி."

அப்பா டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பரிமாற எத்தனை பேர் தம்பி?"

கடைப் பையன் விழித்தான். "பஸ் விட்த் என்ன, மெமரி என்ன வகைன்னு கேக்கறார்" என்று மகன் சிரித்தபடி சொன்னான். 64 பிட், டிடிஆர் 3 என்று பதில் வந்தது. பெரிய அண்டா, கொஞ்சம் ஆட்கள், அவர்களும் நடை தளர்ந்தவர்கள். அப்பா எழுந்துவிட்டார்.

அடுத்த கடையில் ஆர்டிஎக்ஸ் 3050 இருந்தது. 8 ஜிபியில் ஒன்று, 6 ஜிபியில் ஒன்று. பெயர் ஒன்றாக இருந்ததால் மகன் இந்த முறை உஷாரானான். இரண்டுக்கும் வித்தியாசம் 2 ஜிபி மட்டுமல்ல. நடை இரண்டிலும் 14. ஆனால் 8 ஜிபி கார்டில் 128 பேர், 6 ஜிபி கார்டில் 96 பேர். அது 224, இது 168. சிப்பிலும் கணக்குப் போடும் கோர்கள் 2560-லிருந்து 2304-ஆகக் குறைந்திருக்கும்.

கடைக்காரர் வயதானவர். "பஸ் விட்த்தை மட்டும் பார்த்துடாதீங்க தம்பி" என்றார். "பழைய 3060, 12 ஜிபி கார்டுல 192 பிட். புதுசா வந்த 4060-ல 128 பிட்தான். ஆனாலும் பெரும்பாலான கேம்ல 4060தான் முந்துது. சிப்புக்குள்ளயே கேஷ் மெமரியை நிறைய வச்சுட்டாங்க."

"பந்தி ஓரத்துலயே சாம்பார் வாளியை வச்சுக்கிட்ட மாதிரி" என்றார் அப்பா. "ஒவ்வொரு தடவையும் கட்டுக்கு ஓட வேணாம்."

மகனின் கண் 8 ஜிபி டப்பாவிலேயே இருந்தது. ஆனால், அதற்குத் தனியாகப் பவர் ஒயர் வேண்டும். வீட்டில் இருப்பது ஏதோ ஆபீஸில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர். அதன் பவர் சப்ளையில் அந்த ஒயரே கிடையாது. 6 ஜிபி கார்டுக்கு 70 வாட் போதும். கடைக்காரர் காட்டிய மாடல் மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

"அடுப்பு தாங்குற பாத்திரத்தைத்தான் ஏத்தணும்" என்றார் அப்பா. "96 பேர்னு தெரிஞ்சுதானே வாங்குறோம்? அப்ப அது ஏமாற்றம் இல்ல."

கவர் உள்பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது.

ராத்திரி கார்டை மாட்டியதும் மகன் முதலில் கேம் எதையும் திறக்கவில்லை. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டான். மெமரி வகை, பஸ் விட்த், மொத்த வேகம் எல்லாவற்றையும் அது காட்டும். ஜிடிடிஆர் 6, 96 பிட், நொடிக்கு 168 ஜிபி. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார்.

பிறகு கதவருகே போய்த் திரும்பி நின்றார்.

"ஞாயித்துக்கிழமை மறைமலைநகர்ல ஒரு கல்யாணம். பரிமாற ஒரு ஆள் குறையுது. வர்றியா?"

"வர்றேம்ப்பா" என்றான் மகன்.