அண்டத்தைக் கற்பித்த சிறுமி

நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளை அறியாத வாசகர் அரியர். அப்பண்ணைகளில் இன்று உழைப்போருள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களினின்றும் வந்த குடும்பத்தினர் பலர். அவர்தம் மக்கள் நம்மூர்ப் பள்ளிகளில் நம் குழந்தைகளோடு அமர்ந்து பயில்கின்றனர். அத்தகைய சிறுமி ஒருத்தியிடம், ஆசிரியப் பணியிலிருந்த நாம் கற்ற பாடத்தை இங்கே கூற விழைகிறோம்.

ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்தைச் சேர்ந்த அப்பிள்ளை மூன்றாம் வகுப்பிற் சேர்ந்து நான்கு திங்களாகியும் வாய் திறக்கவில்லை. அவளை மந்த புத்தியுள்ளவள் என்றெண்ணி, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்கார வைத்தோம். மொழி அறியாமையை அறிவின்மையாகக் கருதிய குற்றம் நம்முடையதே.

நம்மிடம் கருவிகள் இல்லாமலில்லை. ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, 2003-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர்த் தமிழகமெங்கும் பரவியது. பாயில் அமர்தல், அட்டைகள், ஏணிப்படிகள், குழு விளையாட்டு ஆகிய யாவும் நமக்குப் பழக்கமே. ஆயினும் அவ்வட்டைகள் பேசியது அவளறியாத மொழியையன்றோ!

ஒரு நாள் சத்துணவு வேளையில் பிள்ளைகளை வட்டமாக அமர்த்தி, ஒரு முட்டையைக் கையிலேந்தி, "இதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்?" என்று கேட்டோம். தெலுங்கு பேசும் வீட்டுச் சிறுவன் "குட்டு" என்றான். கன்னடம் பேசும் வீட்டுச் சிறுமி "மொட்டெ" என்றாள். நம் சிறுமியின் முறை வந்தது. மெல்லிய குரலில் அவள் "அண்டா" என்றாள்.

வகுப்பு கொல்லெனச் சிரித்தது. கலியாண வீட்டு அண்டா பிள்ளைகளின் நினைவுக்கு வந்துவிட்டது! அவள் தலை கவிழ்ந்தாள். நாம் உடனே கரும்பலகையில் "அண்டம்" என்றெழுதி, "தமிழிலும் இச்சொல்லுக்கு முட்டை என்பது பொருள், உலகம் என்பதும் பொருள்" என்று விளக்கினோம். சிரிப்பு அடங்கியது. "அப்போ அவ சொன்னது சரிதானா, டீச்சர்?" என்றான் ஒருவன். "சரிதான். நமக்கு மறந்துபோன சொல்லை அவள் நினைவூட்டினாள்" என்றோம். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையை நாம் இன்றும் மறக்கவில்லை.

மறுநாள் தரையிற் சுண்ணக்கட்டியால் இந்தியப் படம் வரைந்து, தந்தையர் சென்று வந்த ஊர்களில் பிள்ளைகளை நிற்கச் சொன்னோம். லாரித் தொழிலும் ஆழ்துளைக் கிணற்று வண்டித் தொழிலும் தழைத்த மண்ணல்லவா இது! படம் நிரம்பிவிட்டது. திருச்செங்கோட்டு வண்டியில் வேலை செய்பவரின் மகன் ஒடிசாவின்மேல் போய் நின்று, "எங்கப்பா இங்கே போர் போட்டிருக்கார்" என்றான். அவனருகே அவளும் சென்று நின்றாள். அன்று மாலை அஞ்சாங்கல் ஆட்டத்தில் பிள்ளைகள் "ஏக, துய், தினி" என்று எண்ணக் கேட்டோம். மறுவாரம் அவளை மூன்றாம் வகுப்பிலேயே அமர்த்தினோம். ஆண்டிறுதிக்குள் அவள் தமிழ் அட்டைகளைத் தானே வாசித்தாள்.

கட்டாயக் கல்விக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டம், செயல்பாடுகளின் வழியாகவும் இயன்றவரை தாய்மொழியிலும் கற்பிக்கச் சொல்கிறது. சட்டம் வழியைக் காட்டும்; வாயிலைத் திறப்பது மனமே. புதிதாய் வந்த குழந்தை பெறுவதற்கு மட்டுமன்றிக் கொடுப்பதற்கும் தன்னிடம் ஏதோ உண்டென்று உணரும்போதுதான் விளையாட்டு கல்வியாகிறது.

இம்மண்ணின் கத்தோலிக்கராகிய நமக்கு இது புதிய பாடமன்று. ரோமையிற் பிறந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி சுவாமிகள் 1623-இல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். கற்பிக்க வந்த அவர், முதலில் தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்கும் மாணவராயிருந்தார். பெந்தெகோஸ்தே நாளிலும் பரிசுத்த ஆவியானவர் மக்களின் மொழிகளை ஒன்றாக்கிவிடவில்லை. அவரவர் மொழியிலேயே நற்செய்தியைக் கேட்கச் செய்தார்.

அன்புள்ள பெற்றோரே! பள்ளி விட்டு வரும் உங்கள் பிள்ளையிடம் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்குமுன், "புதிதாய் வந்த பிள்ளையிடமிருந்து இன்று என்ன சொல் கற்றாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். அவ்வொரு சொல்லுக்குள் ஓர் அண்டமே அடங்கியிருக்கக்கூடும்.