கையை எப்போது எடுப்பது?

தோவாளைப் பூச்சந்தை பக்கத்திலேயே இருந்தும் இங்கே வேலை செய்கிற பெண்கள் யாரும் தலையில் பூ வைப்பதில்லை. வளையல் கிடையாது, தொங்கட்டான் கிடையாது, நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். மல்லிகை வாசம் சில பிள்ளைகளை நிலைகொள்ளாமல் ஆக்கிவிடும். கம்மல் ஆடினால் இழுத்துவிடுவார்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது இந்தத் தெரபி சென்டர். கனகமூலம் சந்தையின் இரைச்சலுக்குப் பயந்து ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டிருக்கிறார்கள். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், வளர்ச்சித் தாமதம் என்று பல காரணங்களோடு பிள்ளைகள் வருகிறார்கள். ஆறு வயதைத் தாண்டியவர்கள் குறைவு.

ரப்பர் பாயில் மூன்று வயதுப் பையன் ஒருவன். எதிரே பயிற்சியாளர். நடுவில், மூடி இறுக்கிய கண்ணாடி டப்பாவில் நேந்திரம் சிப்ஸ், ஒவ்வொன்றும் நாலாக உடைத்தது. பையன் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மூடியின்மேல் வைக்கிறான், முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அசையவில்லை. அழுகை தொடங்குகிறது.

“பிள்ள அழுகான் பாரும்மா, குடுத்துரு” என்கிறார் சுவரோரம் இருக்கிற ஆச்சி.

“கொஞ்சம் பொறுங்க ஆச்சி.”

ஏன் இந்தக் கை வேலை செய்யவில்லை என்று பார்ப்பவன்போல் பையன் நிமிர்கிறான். கண்ணும் கண்ணும் சந்தித்த அந்த நொடியில் “தா” என்கிறார் அவர். அவன் உதடு கூடி, “த்தா” என்று ஒரு சத்தம். அது அடங்குமுன் சிப்ஸ் துண்டு அவன் வாயில்.

அந்த வேகத்தில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் தாமதித்தால் பையன் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பான். திரும்பியதற்குக் கிடைத்த சிப்ஸ் என்று மனதில் பதிந்துவிடும். பக்கத்தில் ஒரு தாள்: தானாகச் சொன்னால் பிளஸ், உதவியோடு என்றால் ‘உ’, இல்லையென்றால் மைனஸ். பத்துக்கு எட்டு பிளஸ் தொடர்ந்து வந்தால் அடுத்த படி.

பக்கத்து அறையில் ஒரு சிறுமிக்கு நிக்கர் போடப் பழக்குகிறார்கள், கடைசியிலிருந்து தொடங்கி. இடுப்புவரை பயிற்சியாளரே ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுகிறார். அது கைவந்த பிறகு முட்டிவரை, அப்புறம் பாதம்வரை. ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்த சந்தோஷம் பிள்ளைக்குத்தான். உதவியும் அப்படியே படிப்படியாகக் குறைகிறது: முதலில் கைமேல் கை, பிறகு மணிக்கட்டில், பிறகு முழங்கையில், கடைசியில் வெறும் விரல் சைகை. “உதவி செய்ய எல்லாருக்கும் வரும். எப்பக் கைய எடுக்கணும்னு தெரியறதுதான் கஷ்டம்” என்கிறார் மூத்த பயிற்சியாளர். அவர் முன்கையில் பல் பதிந்த தழும்பு இருக்கிறது.

இந்தப் பயிற்சி முறைக்குக் கறை படிந்த ஒரு முன்கதை உண்டு. அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள 19 பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி. அவர்களில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப்போலப் பள்ளிக்குப் போனார்கள் என்றார். அவர் முறையில் அதட்டலும் அடியும் இருந்தன. அப்படி வளர்ந்தவர்கள் பலர் பின்னாளில் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார்கள். இன்று நல்ல பயிற்சியாளர்கள் பிள்ளைக்குப் பிடித்ததிலிருந்தே, விளையாட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். பிள்ளை கை உதறுவதை நிறுத்துவதைவிட, வேண்டியதைக் கேட்கக் கற்றுக்கொடுப்பது முக்கியம் என்றாகியிருக்கிறது.

வாரம் 40 மணி நேரத்துக்கு இங்கே யாரிடம் காசு, ஆள்? கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்து, 2016-இல் வெளியான ஆய்வு வேறு வழி காட்டியது. சிறப்புப் பட்டம் இல்லாத சுகாதாரப் பணியாளர்கள் ஆறு மாதத்தில் 12 அமர்வுகளில் பெற்றோரைப் பழக்கினார்கள். பெற்றோர்–பிள்ளை உறவாடல் மேம்பட்டது. நமக்குப் பக்கத்திலேயே, தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் வீடு தேடிப் போகிற பணியாளர்களைக் கொண்டு இதே பாதையில் வேலை செய்கிறது.

சீக்கிரம் கண்டுபிடிக்கவும் பெரிய கருவி வேண்டியதில்லை. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய அட்டவணையில் 17 கோடுகள்தான்: தலை நிற்பது, உட்காருவது, நடப்பது இப்படி. பிள்ளையின் வயதில் ஒரு பென்சிலை நிமிர்த்தி வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன கோட்டில் ஏதாவது பிள்ளைக்கு வரவில்லையென்றால் மருத்துவரிடம் போக வேண்டும். இது இரண்டு வயதுவரைக்கும். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டவில்லை என்றாலும் காத்திருக்கக் கூடாது. முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆனால் இங்கே வருகிற பல பிள்ளைகள் மூன்று வயதைத் தாண்டித்தான் வருகிறார்கள். “இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்” என்கிற ஒரு வாக்கியத்தில் ஒரு வருஷம் போய்விடுகிறது. இந்த ஆச்சியும் அதைச் சொன்னவர்தான். பையனின் அப்பா துபாயில், அம்மா கடை வேலையில். பகல் முழுக்கப் பிள்ளை இவரோடு.

அதனால் கடைசிப் பதினைந்து நிமிடம் டப்பாவை ஆச்சி கையில் கொடுத்துப் பாயில் உட்கார வைக்கிறார்கள். முதல் தடவை அழுகை வருமுன்னே கொடுத்துவிட்டார். அடுத்த தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பையன் நிமிர்ந்து பார்த்தான்.

இந்தப் பதினைந்து நிமிடம்தான் சென்டரில் அடிக்கடி சண்டைக்குக் காரணம். “பிள்ளைக்குத்தானே காசு கட்டினோம், எங்களை எதுக்கு உக்கார வைக்கிய?” என்று கேட்கிறார்கள். பயிற்சியாளருக்கும் சம்பளம் மணிக்கணக்கில்தான். வீட்டார் நன்றாகக் கற்றுக்கொண்டால் அவர் மணி குறையும். தக்கலையிலிருந்தும் பூதப்பாண்டியிலிருந்தும் பஸ் ஏறி வருகிற இந்தப் பெண்கள், தங்கள் வருமானத்தைக் குறைக்கிற அந்த வேலையையும் ஒழுங்காகச் செய்கிறார்கள். பிள்ளையோடு பெற்றோரை உள்ளே விடாத சென்டரையும், முழுக்கச் சரியாக்கித் தருகிறோம் என்கிற சென்டரையும் தாராளமாகச் சந்தேகப்படலாம். வீட்டாரைப் பழக்குகிற நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க நாம்தான் பழக வேண்டும்.