அப்பா கட்டிய குழாய்



ஆண்டு மலருக்கு உன் பொழுதுபோக்கைப் பற்றி எழுதிக் கொடு என்றார்கள். கிரிக்கெட்டும் சினிமாவும் பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் உண்டு. என் பொழுதுபோக்கு கொஞ்சம் விசித்திரமானது. பழைய குழாய் ஸ்பீக்கரைப் பழுது பார்த்து, வீட்டுக்குள் வைத்துப் பாட்டுக் கேட்பது! ஹாஸ்டலில் சொன்னபோது, "ஊரையே எழுப்பப் போறியாடா?" என்று சிரித்தார்கள். நீங்களும் ஒருமுறை சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

எங்கள் ஊரில் அப்பாவுக்கு 'ரேடியோ செட்காரர்' என்றுதான் பெயர். தாத்தா தொடங்கிய தொழில் அது. தாத்தா காலத்தில் இசைத்தட்டு, அப்பா காலத்தில் கேசட். கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, எதுவானாலும் முதல் நாள் சாயங்காலமே அப்பா குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தில் ஏறிவிடுவார். குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. விடியற்காலையில் முதலில் ஒரு பிள்ளையார் பாட்டு ஒலிக்கும். அது கேட்டால்தான் ஊரில் விசேஷம் என்று அர்த்தம். அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

அந்தத் தொழில் மெல்ல மெல்லப் படுத்துவிட்டது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. நான் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். பரீட்சை நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு படித்தவர்களில் நானும் ஒருவன். குழாயின் பக்கத்திலேயே நின்று நின்று அப்பாவுக்கே இடது காது மந்தமாகிவிட்டது. அதற்குப் பிறகு பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தன. குழாயைக் கேட்பார் இல்லை. இப்போது அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார்.

போன வருஷக் கோடை விடுமுறையில் ஒரு நாள், மாட்டுக் கொட்டகையில் கிடந்த இரண்டு குழாய்களை அப்பா பழைய இரும்புக் கடைக்குக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. "அலுமினியம், கிலோக் கணக்குல எடுத்துக்குவாங்க" என்றார். எனக்கு என்னவோ போலிருந்தது. "வேண்டாம்ப்பா, நான் ரெடி பண்றேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கயிற்றை அவிழ்த்தார். பணத்துக்கு யாரிடம் கைநீட்டினார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

வேலையை ஆரம்பித்தேன். ஒரு குழாயின் தொண்டையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதை ஈரத்துணி சுற்றிய மூங்கில் குச்சியால் எடுத்தேன். நசுங்கிய விளிம்பை மரச்சுத்தியலால் தட்டி நேராக்கினேன். பின்னால் இருக்கும் யூனிட்டைத் திருகிக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். 8 ஓம் யூனிட்; மீட்டர் 6.5 காட்டியது. காயில் உயிரோடு இருக்கிறது! காந்த இடுக்கில் ஒட்டியிருந்த இரும்புத் துகளை, ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி மடித்த செலோ டேப்பை விட்டு விட்டு எடுத்தேன். அதைத் துணியால் துடைத்தால் துகள் இன்னும் உள்ளே போகும்.

மாட்டித் தயார் செய்ததும் அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, செல்போனிலிருந்து ஒரு புதுப்படப் பாட்டைப் போட்டேன். அப்பா திண்ணையிலிருந்து சொன்னார்: "பேஸை மூடி வச்சுட்டுப் போடுப்பா. குழாய் கீழ்ச்சத்தம் தாங்காது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, சும்மா இருங்கப்பா. நான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன்."

பேஸ் திருகை முழுக்கத் திருப்பி, சத்தத்தையும் கூட்டினேன். மூன்று நிமிஷம் இருக்கும். கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. கழற்றிப் பார்த்தால் டயாப்ரம் கிழிந்து, காயில் நசுங்கியிருந்தது. அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. "இன்னொன்னு இருக்குல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

விடுமுறை முடிந்து வகுப்புக்கு வந்தேன். சார் இம்பிடன்ஸ் மேட்சிங் நடத்திக்கொண்டிருந்தார். மின்மாற்றி அதிக வோல்டேஜ், குறைந்த கரண்டை எடுத்துக் குறைந்த வோல்டேஜ், அதிக கரண்டாக மாற்றுகிறது அல்லவா? குழாயும் அதே வேலையைத்தான் காற்றில் செய்கிறது என்று அன்று எனக்குப் பொறி தட்டியது. குறுகிய தொண்டையில் அழுத்தம் அதிகம், அசைவு குறைவு. விரிந்த வாயில் அழுத்தம் குறைவு, அசையும் காற்று அதிகம். கனமான டயாப்ரத்தையும் லேசான காற்றையும் அது பொருத்தி வைக்கிறது. அதனால்தான் சின்ன ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு அப்பாவால் ஊர் முழுக்கக் கேட்க வைக்க முடிந்தது.

ஆனால் எல்லா ஒலிக்கும் இது நடக்காது. வாயின் சுற்றளவு ஒலியின் அலைநீளத்துக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். எங்கள் குழாயின் வாய் 20 அங்குலம். சுற்றளவு ஏறத்தாழ 1.6 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர். வகுத்தால் 212 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போனால் காற்றின் பிடிமானம் டயாப்ரத்துக்குக் கிடைக்காது. கிணற்றில் வாளி அறுந்த கயிற்றை இழுத்தவன் பின்னால் விழுவதுபோல, அது துள்ளித் துள்ளிக் கிழிந்துபோகும். "குழாய் கீழ்ச்சத்தம் தாங்காது" என்று அப்பா சொன்னது இதைத்தான்! எனக்கு ஒரு டயாப்ரமும் ஒரு செமஸ்டரும் செலவான பிறகு புரிந்தது, அவருக்கு ஐந்தாம் வகுப்போடு கைவந்திருந்தது.

நூலகத்திலும் தேடிப் படித்தேன். 1915-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் காயிலோடு குழாயைச் சேர்த்துப் பெருங்கூட்டத்துக்குக் கேட்கச் செய்தார்கள். 1926-இல் வெண்டே, துராஸ் என்ற பொறியாளர்கள் பேசும் படத்துக்காக இந்த யூனிட்டைச் செம்மைப்படுத்தினார்கள். 1946-இல் பால் கிளிப்ஷ் என்பவர் குழாயை மடித்து, அறையின் மூலையையே குழாயின் தொடர்ச்சியாக்கி, வீட்டுக்குள் வைக்க விற்றார். ஆக, குழாயை வீட்டுக்குள் கொண்டுவந்த முதல் பைத்தியம் நான் இல்லை!

அடுத்த விடுமுறையில் அப்பாவையும் கூட வைத்துக்கொண்டேன். இருந்த நல்ல குழாய்க்கு 500 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் அனுப்புவது என்று முடிவு. 8 ஓமுக்குக் கணக்குப் போட்டால் 40 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வருகிறது. கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பினேன். அப்பா, மாமா வீட்டு மோட்டார் பெட்டியில் மாற்றிப்போட்ட ரன் கெப்பாசிட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே 40 என்று எழுதியிருந்தது! (செய்து பார்க்க நினைப்பவர்கள் மின்னேற்றத்தை இறக்கிவிட்டுத் தொடுங்கள்.)

அதற்குக் கீழே உள்ள சத்தத்துக்கு 8 அங்குல வூஃபர் ஒன்றைப் பழையது வாங்கி, பெட்டி அடித்து, அறையின் மூலையில் வைத்தோம். மூலையில் வைத்தால் பேஸ் கூடும். அதற்கு 2.5 மில்லி ஹென்றி காயில் வேண்டும். ரீவைண்டிங் கடையில் வாங்கிய செம்புக் கம்பியை அப்பா சுற்ற, நான் எண்ணினேன். நம் லேப் எல்.சி.ஆர். மீட்டரில்தான் அளந்து சரி செய்தேன்.

இன்னொரு சிக்கல். குழாய் கத்துகிறது, வூஃபர் முனகுகிறது. குழாயை 12 டெசிபல் அடக்க வேண்டும். இரண்டு 12 ஓம் ரெசிஸ்டர்களைப் பக்க இணைப்பில் சேர்த்து 6 ஓமாக்கித் தொடரில் போட்டேன். யூனிட்டுக்குக் குறுக்கே 2.7 ஓம். ஆம்ப்ளிஃபயருக்கு அதே 8 ஓம்தான் தெரியும். யூனிட்டுக்குப் போவது பதினாறில் ஒரு பங்கு திறன். தட்டினால் மணிபோல் அதிர்ந்த அலுமினியத்தின் மேல் பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றினோம். வாழ்நாள் முழுக்கச் சத்தத்தைக் கூட்டப் பாடுபட்ட அப்பா, அதே குழாயை அடக்க என்னோடு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. ஊரே தூங்கிவிட்டது. 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு எஸ். ஜானகி பாடிய பாட்டை, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில் வைத்தேன். அந்தக் காலத்துப் பாட்டு மோனோ. ஒரு குழாயே போதும். அப்பா வலது காதைத் திருப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பாட்டு முடியும் வரை அசையவில்லை.

"எத்தனை ஆயிரம் தடவை போட்டிருப்பேன்..." என்றார். "அந்தம்மா மூச்சு விடுறது இன்னைக்குத்தான்டா கேக்குது."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "நாதஸ்வரத்துக்கு அடியில அணைசுன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுவும் குழாய்தானப்பா?" நான் ஆமாம் என்றேன். அந்த உவமை எனக்குத் தோன்றவே இல்லை. சார் கேட்டிருந்தால் முழு மார்க் கொடுத்திருப்பார்.

"அப்பா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றேன். "எதைச் சொல்ற?" என்று கேட்டார். மறந்துவிட்டாரா, மந்தமான காதுப் பக்கம் சொல்லிவிட்டேனா, தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இந்த மலரை வீட்டுக்கு எடுத்துப் போய் நானே அவருக்கு வாசித்துக் காட்டுவேன், வலது பக்கம் உட்கார்ந்து.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பு. நம் வீட்டுக் கொட்டகையிலும் பரணிலும் ஏதோ ஒரு தொழிலின் மிச்சம் கிடக்கும். இரும்புக் கடைக்குப் போகும் முன் அதை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கழற்றும்போது, அதை வைத்துப் பிழைத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழிந்த குழாய்க்குப் புது டயாப்ரம் 350 ரூபாய் சொல்கிறார்கள். அப்பாவும் நானும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை