திண்ணையில் ஒரு திருநாள்

உ. வே. சாமிநாதையரவர்கள் 1894 ஆம் ஆண்டில் முதன்முதற் பதிப்பித்த புறநானூற்றில் 163 ஆம் பாட்டு எமக்கு மிக உவப்பானது. குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், தம்மைக் கேளாமலே யாவர்க்கும் அதனை வழங்கிவிடுமாறு மனைவியார்க்குக் கூறுகின்றார். வறுமையில் உழன்ற புலவர் அவர் என்பதை மறத்தலாகாது. குமணனுக்கு அவர் செலுத்திய நன்றி அக்கொடையே என்பது எம் கருத்து. ஆசிரியர் சிலர் உடன்படார்.

கிறிஸ்து பிறப்புத் திருநாளில் சத்திரத்தில் இடமின்றி முன்னணையிற் கிடத்தப்பெற்ற பாலனைப் பாடுகின்றோம். எம் விடுதிக்கு எதிரே, பூட்டிய கடைத் திண்ணையில் துயிலும் மூதாட்டியார்க்கோ இன்றும் இடமில்லை. அயலார் என்னும் பெயர்க்கு அவரினும் உரியார் யாவர்? சென்ற திருநாளில் அறைத்தோழர் நால்வேமும் எம் பங்கிற் சோறும் குழம்பும் முறுக்கு இரண்டும் ஒரு கம்பளியும் கொண்டு சென்றோம்.

அவர் நன்றியுரை ஒன்றும் கூறிற்றிலர். அதனை எதிர்பார்த்தாரும் எம்முள் உண்டு! "நீங்கள் சாப்பிட்டாயிற்றா, தம்பிகளா?" என்று வினவி, எம்மை இருக்கச் செய்த பின்னரே உண்டார். முறுக்கில் ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டார். காலைதோறும் காசு வாங்காமல் தேநீர் தரும் கடைக்காரரின் சிறுமகளுக்காம் அது.

கம்பளி பனிக்கு உதவும். சாரலடிக்கும் மழைக்கு அத்திண்ணை உதவாது. அதற்கு யாது செய்வதென்று நால்வேமும் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கின்றோம்.