வண்டி கிடந்த இடம்

நீலகிரியில் பாதிப் பேருக்கு வீடு ஒரு மட்டத்தில், வண்டி இன்னொரு மட்டத்தில். குன்னூரில் வீட்டுக்குப் படி ஏற வேண்டும். கோத்தகிரிப் பக்கத்தில் ஹட்டி என்கிற சிற்றூர்களில் வீட்டு வரிசை மேலே, தார்ச்சாலை கீழே. ஷெட் போடுகிற அளவுக்குச் சமதளம் கிடைத்தால் அதில் ஒரு ரூம் கட்டி டூரிஸ்டுக்கு விட்டிருப்பார்கள். ஆகவே வண்டி ராத்திரி முழுக்கச் சாலையோரம்தான் நிற்கும்: ஒன்று, வெட்டிய மண்சுவருக்குக் கீழே, இல்லையென்றால் கற்பூர மரத்தடியில். மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இந்த மலையில் எனக்கு வேலை வருவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களிலிருந்துதான்.

போய் இறங்கியதும் உரிமையாளர் சொல்கிற முதல் வாக்கியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். "நிறுத்தி வெச்ச வண்டி சார், என் மேல என்ன தப்பு?" தப்பு யாருடையது என்று சொந்தச் சேத பாலிசி கேட்பதே இல்லை. அது கேட்பதெல்லாம், சேதத்துக்கான காரணம் பாலிசியின் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான். புயல், வெள்ளம், மண்சரிவு, பாறைச்சரிவு என்று வரிசையாக எழுதியிருக்கும், உறைபனிகூட உண்டு. ஊட்டியை நினைத்து யாரோ சேர்த்ததுபோல இருக்கும். மரம் விழுந்தாலும், காட்டெருமை முட்டினாலும், வெளியிலிருந்து நேர்ந்த விபத்து என்ற வகையில் அடங்கிவிடும். ஆனால் கையிலிருப்பது மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் மரத்திடம் கேட்க ஒன்றுமில்லை. மேட்டில் நிறுத்திய லாரி உருண்டு வந்து இடித்தால் மட்டும் அந்த லாரியின் பாலிசி மேல் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

எங்கள் வேலைக்கு இரண்டு பருவம். ஆடிக்காற்று மரத்தைக் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகை மண்ணைக் கொண்டுவரும். தென்மேற்குப் பருவம் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கத்தை அடிக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. வடகிழக்குப் பருவம் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளை ஊறவைக்கிறது. 2009 நவம்பரில் கேத்தியில் பெய்த மழையையும், மாவட்டம் முழுக்கச் சரிந்த மண்ணில் 40-க்கும் மேற்பட்டோர் போனதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் காருக்கு கிளெய்ம் ஃபார்ம் நீட்டவே கூச்சமாக இருக்கும். ஆனாலும் அந்தக் கார் ஒருவரின் டாக்சியாக, ஒரு வீட்டின் வரும்படியாக இருந்திருக்கும்.

மரம் விழுந்த வண்டியை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். கூரை நசுங்கியதை எல்லாரும் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது கதவை. முன்கதவு திறந்து, தானாகச் சரியாகப் பொருந்தி மூடினால் தூண் நிற்கிறது என்று அர்த்தம். மூடாவிட்டால் முன்தூணோ நடுத்தூணோ வளைந்திருக்கிறது. அப்புறம் டேப்பை எடுத்து முன்கண்ணாடிச் சட்டத்தைக் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு முறை அளப்பேன். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால், கூரையை மாற்றினாலும் மழைக்காலத்தில் ஒழுகப்போகிற வண்டி அது. இன்றைய கார்களில் தனியாகச் சேசிஸ் என்று ஒன்று கிடையாது, கூடே சேசிஸ். கடைசியாக, சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து டிரேஸ் எடுக்க வேண்டும். மண்ணுக்குள் புதைந்த வண்டியில் இந்த ஒரு வேலைக்கே அரை நாள் போகும்.

இதற்கெல்லாம் முன்னால் நடந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. தீயணைப்புத் துறையினர் பவர் சாவோடு வந்து மரத்தை அறுத்துச் சாலையைத் திறந்துவிடுவார்கள். அது அவர்கள் கடமை. அறுப்பதற்குள் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட வேண்டும். அறுத்த பிறகு மிஞ்சுவது நசுங்கிய கார் மட்டும்தான், எது நசுக்கியது என்பதற்குச் சாட்சி விறகாகிப் போயிருக்கும்.

கூடலூர்ப் பக்கம் ஒரு பெரியவர், மரம் விழுந்த வண்டியருகே, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த மனு நகலை என்னிடம் நீட்டினார். "இந்த மரம் விழும்னு போன வருசமே எழுதிக் குடுத்தேன் தம்பி." மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது, இங்கே சொந்த நிலத்து மரத்தைக்கூட அனுமதியில்லாமல் தொட முடியாது. அது நல்ல சட்டம். அது இல்லாவிட்டால் இந்த மலை இதற்குள் மொட்டையாகியிருக்கும். ஆனால் அந்த மனு அவருக்கு எதிராகத் திரும்பவும் கூடும். வண்டியைப் பாதுகாக்க உரிமையாளர் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. விழும் என்று தெரிந்த மரத்தடியில் ஏன் நிறுத்தினார் என்று ஆபீசில் ஒருவர் கேட்டால்?

"அய்யா, வேற எங்கே நிறுத்துவீங்க?" என்று கேட்டேன். அவர் சாலையின் இரண்டு பக்கத்தையும் காட்டினார். ஒரு பக்கம் வடிகால், மறுபக்கம் பள்ளம். அந்த வளைவில் அகலமான இடம் அந்த மரத்தடி ஒன்றுதான். சாலையின் அகலத்தை அளந்து அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினேன். கேள்வி வரவில்லை.

இனி கணக்கு. வண்டியின் விலை மரம் விழுந்த அன்று தீர்மானமாவதில்லை. பாலிசி போட்ட அன்றே தீர்மானமாகிவிட்டது. அதுதான் ஐ.டி.வி. அன்றைய ஷோரூம் விலையில் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, பிறகு வருடத்துக்கு வருடம் 20, 30, 40 என்று ஏறி, ஐந்தாம் வருடத்தில் 50 சதவீதம் கழியும். அதற்கு மேல் வயதான வண்டிக்கு நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. பிரீமியத்தில் ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சம் பிடிக்க ஐ.டி.வி.யைக் குறைத்துக்கொண்டவர்கள் என்னைப் பார்க்கும்போதுதான் அந்த எண்ணை முதல்முறையாகப் படிக்கிறார்கள்.

வண்டியை மீட்டுச் சரிசெய்கிற செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். தாண்டாவிட்டால் ரிப்பேர். சண்டை முழுவதும் இந்தக் கோட்டின் மேல்தான். ஐந்தாம் வருடத்தில் ஓடுகிற வண்டி, ஐ.டி.வி. 4 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு 3 லட்சத்தில் விழுகிறது. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டும் 4 லட்சம்: இரும்புப் பாகம் 2 லட்சம், பிளாஸ்டிக், ரப்பர் 1 லட்சம், கண்ணாடி 30,000, கூலி 70,000. உரிமையாளர் டோட்டல் லாஸ் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். கம்பெனி தேய்மானத்தைக் கழிக்கும். அந்த வயது வண்டிக்கு இரும்பில் 35 சதவீதம் போய் 1.30 லட்சம், பிளாஸ்டிக்கில் பாதி போய் 50,000, கண்ணாடிக்கும் கூலிக்கும் கழிவு இல்லை. கூட்டினால் 2.80 லட்சம். கோட்டுக்கு உள்ளே. அதாவது வண்டியை ரிப்பேர் செய்ய வேண்டும், 1.20 லட்சம் உரிமையாளர் கையிலிருந்து போட வேண்டும், முடிவில் கிடைப்பது தூண் வளைந்து நிமிர்ந்த வண்டி. ஜீரோ டெப் எடுத்திருந்தால் இந்தக் கழிவு வராது, கணக்கே மாறியிருக்கும்.

மலை நுழைவது இங்கேதான். ரிப்பேர் செலவோடு மீட்புச் செலவையும் சேர்த்துத்தான் 75 சதவீதம் என்று பாலிசி சொல்கிறது. கோயம்புத்தூரில் மீட்பு என்றால் ரெக்கவரி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போவது. இங்கே மண்ணோடு தேயிலைக் காட்டுக்குள் இறங்கிய வண்டியை மூன்று அடுக்கு மேலே ஏற்ற வேண்டும். ஜே.சி.பி.யை நினைத்த மாத்திரத்தில் இறக்க முடியாது. இந்த மாவட்டத்தில் அதற்கு அனுமதி வேண்டும். இரும்புக் கயிறு, செயின் பிளாக், பத்துப் பன்னிரண்டு ஆள், அப்புறம் பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் வரை கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் தனியார் காருக்கான வழக்கமான பாலிசி, விபத்து நடந்த இடத்திலிருந்து அகற்றிக் கொண்டுபோக 1,500 ரூபாய்தான் ஒப்புகிறது. சமவெளியில் உட்கார்ந்து எழுதிய எண் அது. சில அதிகாரிகள் அந்த 1,500-ஐ மட்டும்தான் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பார்கள். நான் உடன்படுவதில்லை. கையில் கொடுக்கிற பணத்துக்கு 1,500 வரம்பு இருக்கட்டும். வண்டி மீட்கத் தகுந்ததா என்று முடிவு செய்யும்போது நிஜச் செலவைத்தான் பார்க்க வேண்டும். அந்த உதாரண வண்டிக்கு மீட்புச் செலவு 25,000 ஆனால் 3.05 லட்சம், கோடு தாண்டிவிட்டது.

அதனால் என் ரிப்போர்ட்டில் நான் அதிக நேரம் செலவிடுவது வண்டி கிடந்த இடத்தை எழுதுவதில். போட்டோ சரிவைக் காட்டாது. செங்குத்தான தேயிலைக் காடு படத்தில் புல்வெளிபோலப் படுத்துவிடும். இப்போது வீடியோ காலிலேயே சர்வே முடிக்கிற காலம். சென்னையில் ஸ்கிரீனைப் பார்ப்பவருக்குச் சாலைக்குப் பக்கத்திலேயே வண்டி நிற்பதாகத்தான் தெரியும். ஆகவே பக்கவாட்டிலிருந்து கையால் ஒரு படம் வரைகிறேன்: சாலை, தடுப்புச்சுவர், தேயிலை அடுக்குகள், வண்டி, ஒவ்வொன்றுக்கும் இடையே உயரம் அடியில். இதைப் பார்த்து இளைய சர்வேயர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சர்வேயர் கம்பெனியிடம் பணம் வாங்குகிறவர் என்பதால் கம்பெனிக்காரர் என்றே மக்கள் நினைக்கிறார்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மோட்டார் சேதத்துக்கு உரிமம் பெற்ற சர்வேயரின் மதிப்பீடு வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. அதே சமயம் என் ரிப்போர்ட் இறுதி வார்த்தை அல்ல. உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுதி, பதில் சரியில்லையென்றால் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. ஊட்டியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

டோட்டல் லாஸ் என்று முடிவானால் உடைந்த வண்டிக்கு விலை கேட்பார்கள். முன்பு பழைய உதிரிபாக வியாபாரிகள் நேரில் வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்கள். இப்போது ஆன்லைன் ஏலம். வண்டியை நீங்களே வைத்துக்கொள்ள நினைத்தால் அந்த ஏலத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். லோன் இருந்தால் பணம் முதலில் பாங்குக்குப் போகும். ஃபாஸ்டேக்கை மூடிவிட வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கும்.

பிறகு டி.என். 43 ஆர்.டி.ஓ. ஆபீஸ். வண்டி அழிந்துவிட்டது என்று 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே கம்பெனி ஆர்.சி. ரத்துச் சான்று கேட்கும்போதுதான் தெரிகிறது. பல கம்பெனிகள் இப்போது அந்தத் தாள் வந்த பிறகுதான் பணம் விடுகின்றன. அதுவரை அடுத்த வண்டிக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். பாதிப் பேர் அதற்குள் கட்டியிருப்பார்கள்.