செலவில்லாத லீவு

முழுப்பரீட்சை முடிந்தாலே சங்கரன்கோவிலில் விசைத்தறிக்குப் போகும் அம்மாக்களுக்குத் தலைவலிதான். "குற்றாலம் போவோம்மா" என்று பிள்ளைகள் நச்சரிக்கும். மே மாதத்தில் அருவி பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். ஜூனில் சாரல் தொடங்கும்போது பள்ளிக்கூடமும் திறந்துவிடும். சம்மர் கிளாஸில் சேர்க்கலாம் என்றால் பணம் இடிக்கும். பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

அந்த அம்மாவிடமே அவருடைய சின்ன வயசு லீவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நுங்கு வண்டி ஓட்டியது, வேப்பமர நிழலில் பல்லாங்குழி ஆடியது, கரண்ட் போன ராத்திரி மொட்டைமாடியில் ஆச்சி கதை சொன்னது என்று அடுக்குவார். எதற்காவது காசு செலவானதா? அந்த மொட்டைமாடி இன்றும் இருக்கிறது. வேலை முடிந்து வந்து, அங்கே அரை மணி நேரம் அம்மா பக்கத்தில் படுத்துக் கதை சொன்னால் போதும். பிள்ளைகள் கணக்கில் அதுதான் பெரிய வரவு.