ஒண்ணு 'இருக்கு'ங்குது, ஒண்ணு 'இல்லை'ங்குது! - பூம்பாறைத் தங்கச்சியும் இரண்டு பைத்தான்களும்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரி, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக் என்று சுற்றிவிட்டு வந்துவிடுவார்கள். அங்கே 1899-ல் தொடங்கப்பட்ட சூரிய ஆய்வகம் இருப்பது பலருக்குத் தெரியாது. சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்பதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். உலகம் இன்றும் அதை 'எவர்ஷெட் விளைவு' என்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே எடுக்கப்பட்ட சூரியப் படங்களை டிஜிட்டல் ஆக்கி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று இந்திய வானியற்பியல் நிறுவனம் திறந்து வைத்திருக்கிறது.

அந்தப் படங்களை எடுத்து சூரியப் புள்ளிகளை எண்ணிப் பார்ப்பதுதான், பி.எஸ்சி இயற்பியல் படிக்கும் என் சித்தி மகளின் ப்ராஜெக்ட். ஊர் பூம்பாறை. சித்தப்பாவுக்குப் பூண்டு விவசாயம். வீட்டில் கம்ப்யூட்டர் தொட்ட இரண்டாவது ஆள் அவள். முதல் ஆள் அவள் அண்ணன். அவன் கல்லூரியில் வைத்திருந்த லேப்டாப்தான் இப்போது இவளிடம்.

ஒரு ராத்திரி போன் செய்தாள்.

"அக்கா, எனக்கு இது வராதுபோல. டாபிக்கை மாத்திடலாம்னு இருக்கேன்."

"என்னடி ஆச்சு?"

"சன்பைனு ஒண்ணு இன்ஸ்டால் பண்ணணும். பண்ணிட்டேன். ஆனா எடிட்டர்ல ரன் கொடுத்தா அப்படி ஒண்ணு இல்லவே இல்லைனு சொல்லுது. திரும்ப இன்ஸ்டால் பண்ணப் போனா, ஏற்கெனவே இருக்குனு சொல்லுது. இன்னிக்கு டேட்டாவும் தீர்ந்துருச்சு."

பக்கத்திலிருந்து சித்தியின் குரலும் கேட்டது: "விடும்மா, நமக்கெல்லாம் இது ஒத்து வருமா?"

அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குத் திக்கென்றது. நான் படித்தது ஜர்னலிசம் டிப்ளமோ. டிஜிட்டல் டெஸ்க்கில் தேர்தல் சமயத்தில் சார்ட் போடுவதற்காகக் கொஞ்சம் பைத்தான் பழகியவள், அவ்வளவுதான். ஆனால், 'இருக்கு', 'இல்லை' என்று ஒரே கம்ப்யூட்டர் இரண்டு பதில் சொன்னால், பதில் சொல்வது இரண்டு பேர் என்பது அந்தப் பழக்கத்தில் தெரிந்த விஷயம்.

துபாஷி கதை

நாம் புரோகிராம் எழுதும் எடிட்டர், ஒரு நோட்டுப் புத்தகம் மாதிரி. அதில் எழுதியதைப் படித்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆள் வேறு. அவர் பெயர்தான் இன்டர்பிரட்டர். புதுச்சேரியில் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, துபாஷி... அந்த வேலை!

பைத்தானில் ஆண்டுக்கு ஒரு புதிய வெர்ஷன் வருகிறது. ஒவ்வொன்றும் தனி துபாஷி. புதியவர் வந்தால் பழையவர் வீட்டைக் காலி செய்வதில்லை. ஒரே லேப்டாப்பில் இரண்டு மூன்று பேர் இருப்பது சகஜம். சன்பை என்பது சூரிய ஆய்வுக்காகவே எழுதப்பட்ட நூலகம். அதை ஒருவரிடம் கொடுத்தால் இன்னொருவரிடம் போய்ச் சேராது.

"உன் எடிட்டர்ல வலது பக்கம் கீழே ஒரு நம்பர் இருக்கா, பாரு."

"3.8னு போட்டிருக்குக்கா."

"நீ புதுசா எதைப் போட்டே?"

"3.12."

அவ்வளவுதான் விஷயம். 3.8 அண்ணன் காலத்தில் போட்டது. 2024 அக்டோபரோடு அதற்கான ஆதரவையே நிறுத்திவிட்டார்கள். இவள் கமாண்ட் பிராம்ப்ட்டில் சன்பையை இன்ஸ்டால் செய்தபோது வாங்கிக்கொண்டது 3.12. எடிட்டரில் ரன் பட்டனை அழுத்தினால் படிக்க வந்தது 3.8. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான்

அவள் பயன்படுத்துவது விஎஸ் கோட் எடிட்டர். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேலே ஒரு பெட்டி வரும். அதில் 'பைத்தான்: செலக்ட் இன்டர்பிரட்டர்' என்று தேடினால், லேப்டாப்பில் இருக்கும் துபாஷிகள் எல்லோரும் வரிசையாக வந்து நிற்பார்கள். வேண்டியவரைத் தேர்ந்தெடுத்தால் போதும். 3.12-ஐத் தேர்ந்தெடுத்து ரன் கொடுத்தாள். எரர் போயிற்று. புதிதாக ஒரு எம்பி கூட இறக்கவில்லை.

மறுநாள் இன்னொன்றும் செய்யச் சொன்னேன். அதே பெட்டியில் 'பைத்தான்: கிரியேட் என்விரான்மென்ட்' என்று தேடி, 'வென்வ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்த ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு மட்டும் தனியாக ஒரு பைத்தான் ஏற்பாடு கிடைக்கும். அதற்குள் சன்பையை மறுபடி ஒருமுறை இன்ஸ்டால் செய்ய வேண்டும். பிறகு அங்கே இருப்பதை வேறு எந்த ப்ராஜெக்ட்டும் கலைக்காது. முக்கியமாக, இன்ஸ்டால் செய்யும் கட்டளையை எடிட்டருக்குள்ளேயே புதிய டெர்மினல் திறந்து அடிக்க வேண்டும். வெளியே அடித்தால் அது எந்தத் துபாஷியிடம் போகும் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, எந்த பைத்தான் வெர்ஷன், எந்த சன்பை வெர்ஷன் என்று ப்ராஜெக்ட் நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். "இதெல்லாம் எதுக்குக்கா?" என்றாள். நூறு வருஷத்துக்கு முந்தைய சூரியப் படம் இன்று ஆய்வுக்கு உதவுகிறதென்றால், எந்த நாள், எந்த நேரத்தில் எடுத்தது என்று அன்றைக்கே ஒருவர் குறித்து வைத்ததால்தானே! அது அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இது பத்து நிமிஷ விஷயம். பக்கத்து சீட்டில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்க ஆள் இல்லாத வீட்டில், அதே எரர் 'எனக்கு அறிவில்லை' என்று மாறிவிடுகிறது. எத்தனை பிள்ளைகள் இப்படி ஒரு சிவப்பு வரியைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடியிருப்பார்களோ!

உங்கள் வீட்டிலும் யாராவது அப்படிச் சொன்னால், உடனே ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். முதலில், "கீழே என்ன நம்பர் போட்டிருக்கு?" என்று கேளுங்கள்.